இசை இதழ்களின் இலவச வட்டு: சிடி நல்லதா, டிவிடி நல்லதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் இசை இதழ்கள் பல ஆண்டுகளாக அட்டையில் ஒட்டிக் கொடுத்த இலவச வட்டுகளைப் பற்றியது இந்தப் பக்கம். பழைய இதழ்களைத் தேடிச் சேர்ப்பவர்களும், அந்த வட்டுகளில் உள்ள பாட்டையும் லூப்பையும் (திரும்பத் திரும்ப ஓடவிடும் சிறு ஒலித்துண்டு) இன்றும் எடுத்துப் பயன்படுத்துகிறவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது மேல்?

பாட்டுக் கேட்பவருக்கான இதழ் என்றால் சிடி. இசை செய்யக் கற்றுத்தரும் இதழ் என்றால் டிவிடி. அந்த டிவிடியும் டிவியில் போட்டுப் பார்க்கும் படமாக இருப்பதைவிட, கணினியில் திறந்து எடுத்துக்கொள்ளும் கோப்புகளாக இருக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இதற்கான காரணங்கள்.

எல்லாமே இசை இதழ்தானே, எதற்கு இந்தப் பிரிவினை?

வாசகர் அந்த வட்டை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. 1993இல் தொடங்கிய மோஜோ, 1997இல் வந்த அன்கட் போன்றவை ராக் இசை ரசிகர்களுக்கானவை. அவற்றின் சிடியில் பத்துப் பதினைந்து பாடல்கள் இருக்கும். வாசகர் அதை வரவேற்பறையிலோ காரிலோ போட்டுக் கேட்பார். தி வயர் என்ற இதழ் 1998 முதல் தன் தொகுப்பு வரிசையைக் கொடுத்துவருகிறது; வானொலியில் எளிதில் வராத சோதனை இசை அதில் வரும். 1992இல் தொடங்கிய பிபிசி மியூசிக் மேகசின் ஒரு முழு சிம்பொனியையோ கான்செர்டோவையோ அப்படியே சிடியில் கொடுத்தது. இவையெல்லாம் கேட்பவருக்கானவை.

இன்னொரு பக்கம் 1992இல் தொடங்கிய ஃபியூச்சர் மியூசிக், 1998இல் தொடங்கிய கம்ப்யூட்டர் மியூசிக். இவற்றின் வாசகர் வட்டைக் கணினியில் போடுவார். அதிலுள்ள டிரம் லூப்பை இழுத்துத் தன் பாட்டில் வைப்பார். இரண்டுக்கும் நடுவில் கிட்டார் டெக்னிக்ஸ் போன்ற பயிற்சி இதழ்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

சிடி வருவதற்கு முன் என்ன கொடுத்தார்கள்?

ஃப்ளெக்ஸி. தாள் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கில் அழுத்திய இசைத்தட்டு. இதழின் பக்கங்களுக்கு நடுவே வைத்து அனுப்பலாம். சுழலும்போது வழுக்காமல் இருக்க மேலே ஒரு நாணயத்தை வைத்து ஓட்டுவார்கள். என்.எம்.இ. (நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்) என்ற இசை வார இதழ் 1970களிலேயே இதைக் கொடுத்திருக்கிறது. 1980இல் தொடங்கிய ஃப்ளெக்ஸிபாப் என்ற இதழுக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு கேசட். 1981இல் என்.எம்.இ., ரஃப் டிரேட் என்ற இசை நிறுவனத்துடன் சேர்ந்து சி81 என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. இது அட்டையில் ஒட்டி வந்ததல்ல. இதழிலிருந்து கூப்பனை வெட்டி, பணமும் சேர்த்து அனுப்பினால் வீட்டுக்கு வரும். 1986இல் அதே வழியில் சி86 வந்தது. 22 குழுக்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. பிரிட்டனில் ஒரு வகை கிட்டார் பாப் இசைக்கே பிற்பாடு 'சி86' என்று பெயர் விழுந்துவிட்டது. ஓர் இதழின் ஆசிரியர் குழு உட்கார்ந்து தேர்ந்தெடுத்த பட்டியல் ஓர் இசைவகைக்குப் பெயரைக் கொடுத்தது என்றால், அந்தத் தேர்வுக்கு எவ்வளவு வலு இருந்திருக்க வேண்டும்! இலவச வட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். வட்டின் கொள்ளளவைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் அதில் யார் எதைத் தேர்ந்தெடுத்து வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

டிவிடியில் ஆறேழு மடங்கு இடம் இருக்கிறதே, அதைவிட என்ன வேண்டும்?

கணக்கைப் பார்ப்போம். சிடியில் 74 நிமிட இசை, அல்லது 650 மெகாபைட் தரவு. பின்னாளில் வந்தவற்றில் 80 நிமிடம், 700 மெகாபைட். ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 கிகாபைட்.

இசை செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரியது. சிடி தரத்தில், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில், ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் பத்தரை மெகாபைட் ஆகும். 24 பிட்டில் பதிவு செய்தால் கிட்டத்தட்ட 16 மெகாபைட். சிடியில் 24 பிட் லூப்புகளை நிரப்பினால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். டிவிடியில் ஐந்து மணி நேரத்துக்குக் கிட்டே பிடிக்கும். அதோடு மென்பொருள், பயிற்சிப் படங்கள், முந்தைய இதழ்களின் சாம்பிள் (பாட்டில் எடுத்து வைக்கும் ஒலித்துண்டு) தொகுப்புகள் என்று சேர்க்கவும் இடம் மிஞ்சும். கம்ப்யூட்டர் மியூசிக் சிடியிலிருந்து டிவிடிக்குப் போனது நியாயமான முடிவு. அந்த இதழுக்கென்றே தயாரித்த சிந்தசைசர், எஃபெக்ட் மென்பொருள்கள் எல்லாம் ஒரே வட்டில் வந்தபோது, கையில் காசில்லாத ஓர் இளைஞருக்கு ஒரு முழு ஸ்டூடியோவே கிடைத்த மாதிரி.

கேட்பவருக்கோ இந்த இடம் தேவையில்லை. டிவிடி முழுக்கப் பாட்டைக் கொட்டினால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? 74 நிமிடம் என்ற எல்லை தொகுப்பாசிரியரின் கையைக் கட்டுகிறது, கட்டுவது நல்லதுதான். எந்தப் பாட்டை விடுவது, எதை முதலில் வைப்பது, எதற்குப் பின் எதைக் கொண்டுவருவது என்று அவர் யோசித்தே தீர வேண்டும். நல்ல அன்கட் சிடியை முதலிலிருந்து கேட்டால் அந்த யோசனை காதில் விழும். எல்லையை எடுத்துவிட்டால் சேகரிப்பு வளரும், தேர்வு தேய்ந்துபோகும்.

டிவிடியில் ஒலித்தரம் கூடுதல் இல்லையா?

கூடுதலாக இருக்க முடியும், ஆனால் பெரும்பாலும் இருப்பதில்லை. டிவியில் போட்டுப் பார்க்கும் வகையான டிவிடி வீடியோவில் சுருக்காத ஒலியை 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸில், 24 பிட் வரை வைக்கலாம். ஆனால் படமும் அதே வட்டில் இடம் கேட்கும். அதனால் பல டிவிடிகளில் ஒலியை டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி வைப்பார்கள்; அதன் உச்ச வேகம் நொடிக்கு 448 கிலோபிட். சிடியின் ஒலியோ நொடிக்கு 1,411 கிலோபிட், எதையும் வெட்டாதது. கச்சேரிப் படத்தோடு வரும் டிவிடியைவிட அதே கச்சேரியின் சிடி தெளிவாகக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஐந்து ஸ்பீக்கர் சுற்றொலி வேண்டுமென்றால் மட்டும் டிவிடிக்குப் போட்டி கிடையாது. அதற்கான கருவி வீட்டில் இருக்க வேண்டும்.

சிடியும் டிவிடியும் ஒரே மாதிரி வட்டுதானே? கார் பிளேயரில் ஏன் டிவிடி ஓடவில்லை?

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே வேறு. சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி. அதைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடியில் இடைவெளி 0.74 மைக்ரான்தான், அதற்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் வேண்டும். டிவிடி பிளேயர்கள் சிடியையும் படிக்கும்படி செய்திருப்பார்கள். சிடி பிளேயருக்கோ டிவிடியைப் படிக்க வழியே இல்லை.

என்னைப் பொறுத்தவரை வழக்கு இங்கேயே பாதி தீர்ந்துவிடுகிறது. சிடியைக் கொடுத்தால் கார், சமையலறையில் இருக்கும் சிடி ஓடும் டூ-இன்-ஒன், பழைய டிஸ்க்மேன், டிவிடி பிளேயர், கணினி எல்லாவற்றிலும் பாடும். டிவிடியைக் கொடுத்தால் வாசகர் டிவி முன்னாலோ கணினி முன்னாலோதான் உட்கார வேண்டும். பாட்டு, வேலை செய்துகொண்டே கேட்கிற சமாச்சாரம். அதைத் திரைக்கு முன்னால் கட்டிப்போடக் கூடாது.

கிட்டார் இதழ்களுக்கு?

கடினமான கேள்வி இதுதான். இதழில் டேப் (tab, எந்தக் கம்பியை எங்கே அழுத்துவது என்று எண்களால் காட்டும் இசைக்குறிப்பு) அச்சாகியிருக்கும். ஓரத்தில் சிடியின் எத்தனையாவது ட்ராக் என்று எண் போட்டிருக்கும். அந்த எண்ணை அழுத்தினால் முதலில் ஆசிரியர் வாசித்துக் காட்டுவார். அடுத்த ட்ராக்கில் கிட்டார் இல்லாமல் பக்கவாத்தியம் மட்டும் வரும், அதோடு நாம் வாசிக்க வேண்டும். கையில் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு சிடி பிளேயரைப் போல வசதியானது எதுவும் இல்லை. டிவிடி மெனுவில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தித் தேடுவதற்குள் விரல் ஆறிப்போகும்.

ஆனால் கையைப் பார்க்காமல் கற்க முடியாத விஷயங்களும் இருக்கின்றன. பிக் எந்தக் கோணத்தில் கம்பியைத் தொடுகிறது, கம்பியை வளைக்கும்போது பின்னால் எந்த விரல் முட்டுக்கொடுக்கிறது, வலது உள்ளங்கையை எந்த இடத்தில் வைத்து ஒலியை அமுக்குகிறார்கள் என்பதெல்லாம் டேப்பில் வராது, காதிலும் விழாது. ஆசிரியர் எதிரில் இல்லாதவருக்குப் படம்தான் ஆசிரியர். தொடக்கநிலையில் இருப்பவருக்கு டிவிடி, கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவருக்கு சிடி என்பது என் முடிவு. பக்கவாத்திய ட்ராக்குகளைச் சாதாரண ஒலிக்கோப்புகளாகவும் அதே டிவிடியில் போட்டிருந்தால் இருவருக்கும் ஆகும்.

இரண்டையும் ஒரே வட்டில் கொடுக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 1990களின் நடுவில் வந்த என்ஹான்ஸ்டு சிடியில் பாட்டும் இருக்கும், கணினியில் போட்டால் சின்னப் படமும் ஓடும். இதழ்களுக்கு நன்றாகப் பொருந்திய முறை இது. 2004இல் டூயல்டிஸ்க் வந்தது: ஒரு பக்கம் சிடி, மறுபக்கம் டிவிடி. வழக்கமான சிடியைவிட அது தடிமனாக இருந்தது. சிடி பக்கம் சிடிக்கான வரையறைக்கு முழுமையாக உட்படவும் இல்லை. உறிஞ்சி இழுக்கும் வகை கார் பிளேயர்களில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருந்ததால் அது நிலைக்கவில்லை.

பிரிட்டனின் கணினி இதழ்கள் சில வேறு வழியைப் பிடித்தன: ஒரே இதழை சிடி பதிப்பு, டிவிடி பதிப்பு என்று இரண்டாக விற்றன. லினக்ஸ் ஃபார்மட் அப்படி வந்தது. பழைய பிரதி வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தயாரிக்கச் செலவு அதிகம்?

டிவிடி. அச்சடிக்கும் செலவோடு தொழில்நுட்பக் காப்புரிமைக் (பேடன்ட்) கட்டணங்களும் உண்டு. அதைவிட, மெனு வடிவமைத்து, படம் எடுத்து, வெட்டி ஒட்டும் உழைப்பு பெரியது. மாதாமாதம் அதைச் செய்ய இதழுக்குத் தனி ஆள் வேண்டும்.

படம் போட்டால் தணிக்கைச் சான்று வாங்க வேண்டாமா?

பிரிட்டனில் 1984ஆம் ஆண்டின் வீடியோ பதிவுச் சட்டம், இசை சார்ந்த படங்களுக்கும் கற்பிக்கும் படங்களுக்கும் விலக்கு அளித்தது. வன்முறையும் ஆபாசமும் இருந்தால் விலக்கு இல்லை. கிட்டார் பாடத்துக்கு இதெல்லாம் தடையாக இருந்ததில்லை.

ஓசியில் கொடுத்தால் பாட்டுக்கு மதிப்பு குறையாதா?

இந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது 2007 ஜூலையில். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தன் புத்தம் புதிய ஆல்பத்தை பிரிட்டனில் மெயில் ஆன் சண்டே என்ற ஞாயிறு செய்தித்தாளோடு இலவச சிடியாகக் கொடுத்தார். இசைக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். சோனி பிஎம்ஜி இசை நிறுவனம் பிரிட்டனில் அந்த ஆல்பத்தைக் கடையில் விற்கும் திட்டத்தையே கைவிட்டது. கடைசியில் எச்எம்வி இசைக்கடைகளிலேயே அந்தச் செய்தித்தாளை வாங்கி வைத்து விற்றார்கள்.

செய்தித்தாள் கொடுப்பதும் இசை இதழ் கொடுப்பதும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். செய்தித்தாள் வாங்குகிறவர் செய்திக்காக வாங்குகிறார், சிடி மேசையில் கிடக்கும். இசை இதழில், ஒரு குழுவைப் பற்றி நாலு பக்கம் படித்த கையோடு அந்தக் குழுவின் ஒரு பாட்டைக் கேட்கலாம். பிடித்துப்போனால் ஆல்பத்தை வாங்கத் தேடுவார். அந்த ஒரு பாட்டு, பெரிய விளம்பரம் செய்ய வசதியில்லாத சிறிய குழுவுக்குக் கிடைக்கிற கதவு. முழு ஆல்பத்தைக் கொடுத்துவிட்டால் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். இந்த அளவுக்கும் சிடிதான் பொருத்தம்: ஆளுக்கு ஒரு பாட்டு, போதும்.

பிரிட்டிஷ் டிவிடி என் வீட்டில் ஓடுமா?

கோப்புகளாக உள்ள தரவு டிவிடி என்றால் எந்த நாட்டுக் கணினியிலும் திறக்கும். டிவிடி வீடியோ என்றால் இரண்டைப் பார்க்க வேண்டும்: வட்டாரக் குறியீடு (உலகின் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்ற அடையாளம்), டிவி ஒளிபரப்பு முறை. பிரிட்டனும் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பயன்படுத்தியவை என்பதால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முறைச் சிக்கல் வராது. டொராண்டோவில் இருப்பவருக்கு வரலாம், அங்கே என்டிஎஸ்சி என்ற வேறு முறை. எங்கே இருந்தாலும் கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். சிடிக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

பழைய டிவிடியில் உள்ள மென்பொருள் என் கணினியில் இயங்கவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பிள் 2019இல் மேக் இயங்குதளத்தின் கேடலீனா பதிப்பிலிருந்து பழைய வகையான 32 பிட் மென்பொருளை அடியோடு நிறுத்திவிட்டது. அக்காலத்து ப்ளக்இன்களில் (இசை மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் துணை மென்பொருள்) பல 32 பிட்தான். விண்டோஸில் பழைய ப்ளக்இன்களை ஏற்கும் இசை மென்பொருள் இருந்தால் சில ஓடும். ஃப்ளாஷில் செய்த மெனு திறக்காது. ஃப்ளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. மெனுவை விட்டுவிட்டு வட்டின் கோப்புறைகளை நேராகத் திறந்து பாருங்கள். பழைய மூவ் (.mov) படக் கோப்புகளை விஎல்சியில் முயன்று பாருங்கள்.

வேவ் (.wav) ஒலிக்கோப்புகளாக இருக்கும் லூப்புகளும் சாம்பிள்களும் அன்று எப்படி ஓடினவோ இன்றும் அப்படியே ஓடும். ஒரு டிவிடியை வாங்கலாமா என்று யோசித்தால் அதில் எத்தனை மென்பொருள் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு வேவ் என்று பாருங்கள்.

எது நீண்ட நாள் உழைக்கும்?

சிடியில் தரவு இருப்பது மேல்பக்கம், படம் அச்சடித்த பக்கத்துக்குச் சற்றுக் கீழே. அதைக் காப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். அந்தப் பக்கத்தில் ஆழமாகக் கீறினால் தரவே போய்விடும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி நடுவில் தரவை வைத்திருக்கிறார்கள். ஆகவே மேல்கீறலுக்கு டிவிடி அஞ்சாது. கீழ்ப்பக்கக் கீறல் இரண்டிலும் மெருகேற்றிச் சரிசெய்யக்கூடியது. ஆனால் தடங்கள் நெருக்கமாக இருப்பதால் அழுக்கு, வளைவு ஆகியவற்றுக்கு டிவிடி கூடுதலாகத் தடுமாறும்.

இலவச வட்டுக்கு முதல் எதிரி அது வரும் அட்டை உறைதான். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உராயும். வாங்கியவுடன் வேறு உறைக்கு மாற்றுங்கள். பசை ஒட்டியிருந்தால் தின்னர் தொடாதீர்கள். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. மேலே காகித லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

வன்தட்டில் ஏற்றி வைப்பது எப்படி?

சிடியை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் போட்டு ஃப்ளாக் கோப்புகளாக எடுங்கள். ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் அளவு பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். இலவச சிடிகளின் பாட்டுப் பெயர்கள் இணையத் தரவுத்தளங்களில் தவறாகவோ இல்லாமலோ இருக்கலாம். ஆகவே உறையின் பின்பக்கத்தையும் இதழில் பாடல் பட்டியல் உள்ள பக்கத்தையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் வையுங்கள். யார் பாடியது, எந்த ஆல்பம், எந்த மாத இதழ் என்ற விவரம் போனால் பாதி போய்விட்டது. தரவு டிவிடியை முழு வட்டுப் படமாக, ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துவைப்பது நல்லது.

அந்த சாம்பிள்களை என் பாட்டில் பயன்படுத்தலாமா?

இசைத் தயாரிப்பு இதழ்களின் சாம்பிள்கள் பொதுவாக உரிமத்தொகை இல்லாதவை. உங்கள் பாட்டில் வைத்து விற்கலாம். அந்த சாம்பிள்களையே தொகுத்து இன்னொருவருக்கு விற்கவோ பகிரவோ கூடாது. வட்டில் உள்ள உரிமக் கோப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். கேட்பதற்கான சிடிகளில் உள்ள பாட்டுகளுக்கு இது பொருந்தாது. அவை அந்தந்தக் கலைஞருக்கும் நிறுவனத்துக்கும் உரியவை.

இன்றைக்கு டவுன்லோடு இருக்கும்போது வட்டு எதற்கு?

இசைத் தயாரிப்பு இதழ்கள் பிற்காலத்தில் வட்டை விட்டு டவுன்லோடுக்குத்தான் மாறின. மடிக்கணினிகளில் வட்டுப் பெட்டியே காணாமல் போன பிறகு வேறு வழியும் இல்லை. வாசகருக்கு அது வசதிதான். ஆனால் டவுன்லோடு என்பது எங்கோ ஒரு சர்வர் ஓடும்வரைதான். ஃபியூச்சர் மியூசிக்கும் கம்ப்யூட்டர் மியூசிக்கும் 2024இல் நின்றுபோயின. அலமாரியில் உள்ள டிவிடியோ, இதழ் நின்ற மறுநாளும் திறந்தது. டவுன்லோடு இணைப்பை மட்டும் நம்பி இதழை வாங்கியவர்கள், இன்னும் எடுக்காத கோப்புகள் இருந்தால் கிடைக்கும்போதே எடுத்துக்கொள்வது நல்லது.

பிரிட்டிஷ் இதழுக்குச் சந்தா கட்டினால் சிடி நம் ஊருக்கு வருமா?

பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். டிஜிட்டல் பதிப்பில் வட்டு கிடையாது. அச்சுப் பதிப்பிலும் எல்லா நாடுகளுக்கும், எல்லா மாதமும் வட்டு வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பிரதியை இணையத்தில் வாங்கினால், வட்டு உள்ளே இருக்கிறதா, உறை பிரித்ததா, இரண்டு பக்கத்தின் படமும் அனுப்ப முடியுமா என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். வட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சிடியின் மேல்பூச்சில் ஊசித்துளை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.